குளத்தில் கரைத்தது கேன்டீனில் திரும்பி வரும்

"நடந்தா முட்டி வலிக்குது, நடக்கலைன்னா எடை ஏறுது. நான் என்னதான் பண்றது மேடம்?"

போன வருடம் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்த ஒரு அம்மா கேட்டது இது. வயது 54, எடை 88 கிலோ. நீச்சல் குளத்துக்குப் போங்கள் என்றேன். தனக்கு நீச்சலே தெரியாது என்றார். தெரிய வேண்டாம், தண்ணீரில் நடந்தால் போதும் என்றேன். அடுத்த கவலை உடை. பல குளங்களில் பெண்களுக்கெனத் தனி நேரம் இருக்கிறது, முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடையும் கடையில் கிடைக்கிறது. பருத்தித் துணி மட்டும் வேண்டாம், தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கனக்கும்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் நம் எடையில் ஏறக்குறைய பாதிதான் காலில் இறங்கும். மார்பளவு என்றால் மூன்றில் ஒரு பங்கு. 88 கிலோ சுமந்த முட்டிக்கு அங்கே சுமார் 30 கிலோதான். அதற்காகச் சும்மா நிற்பது போல என்று நினைக்காதீர்கள். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி. ஒவ்வொரு அடியையும் தள்ளித் தள்ளித்தான் வைக்க வேண்டும், தொடையும் வயிறும் நன்றாகவே வேலை செய்யும்.

நீந்தத் தெரிந்தவர்கள் கதை வேறு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் நிதானமாக நீந்தினால் சுமார் 200 கலோரி செலவாகும். அதே நேரம் சாதாரணமாக நடந்தால் 120 போல. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "தினமும் ஒரு மணி நேரம் ஸ்விம்மிங்" என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், நீந்தியது பத்து நிமிடமாக இருக்கும். மீதி, ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரட்டை.

அப்புறம் பசி. குளிர்ந்த தண்ணீர் உடம்புச் சூட்டை வேகமாக இழுத்துவிடும், வெளியே வந்ததும் அகோரமாகப் பசிக்கும். வாசலிலேயே கேன்டீன். இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் உள்ளே போனால் அரை மணி நேர உழைப்பு அங்கேயே சரிக்கட்டப்பட்டுவிடும். நீச்சலில் எடை குறையவில்லை என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் முதலில் கேட்பது குளத்தைப் பற்றியல்ல, அதற்குப் பிறகு என்ன சாப்பிட்டார்கள் என்பதைத்தான். ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் சுண்டலோ கையில் கொண்டுபோங்கள்.

புதிதாகக் கற்பவர்கள் 25 மீட்டரிலேயே மூச்சு வாங்கி, "எனக்கு ஸ்டாமினா இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் பிரச்சினை மூச்சை அடக்குவதில்தான். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூச்சை விட்டுவிட வேண்டும், தலையைத் திருப்பும்போது இழுத்தால் மட்டும் போதும். ஒரு 25 மீட்டர், அரை நிமிட ஓய்வு, மறுபடி 25. இப்படி ஆறு முறையில் ஆரம்பித்து வாரத்துக்கு வாரம் கூட்டலாம். ஒரு ஆறுதல்: கொழுப்பு தண்ணீரைவிட லேசு, அதனால் குண்டாக இருப்பவர்கள் ஒல்லியானவர்களைவிடச் சுலபமாக மிதப்பார்கள்!

நீச்சல் மட்டும் போதுமா என்றால், போதாது. தண்ணீர் நம் எடையைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு வேலை குறைவு. மாதவிடாய் நின்ற பெண்கள் வாரத்தில் இரண்டு நாளாவது லேசான டம்பெல் பயிற்சி போல ஏதாவது சேர்த்துக்கொள்வது நல்லது.

இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் கோச்சிடம் அதைச் சொல்லிவிட்டு இறங்குங்கள். லோ சுகரில் வரும் வியர்வை தண்ணீருக்குள் தெரியாது. வெறும் வயிற்றில் இறங்க வேண்டாம், கரையில் குளுக்கோஸ் இருக்கட்டும். கால் மரத்துப் போகிறவர்கள் ரப்பர் காலணி போட்டுக்கொள்ள வேண்டும், சொரசொரப்பான தரை கீறினால் தெரியாமலே புண்ணாகும். வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

அந்த அம்மா நாலு மாதத்தில் 83 கிலோவுக்கு வந்தார். கேன்டீன் வடை ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று அவரே சட்டம் போட்டுக்கொண்டார். தண்ணீரில் நடப்பது போரடித்துவிட்டதாம். இப்போது கிக்போர்டு என்கிற மிதக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு பாதிக் குளம் வரை போய்விடுகிறார்.