கல்யாண விசிடியில் இருக்கும் டாட் ஃபைல்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் 2000-ஐ ஒட்டி நடந்த கல்யாணங்கள் பலவும் இன்று பீரோவுக்குள் விசிடியாக, அதாவது வீடியோ சிடியாகக் கிடக்கின்றன. கணினியில் போட்டால் எம்பெக்ஏவி என்றொரு ஃபோல்டர், அதற்குள் ஏவிஎஸ்இக்யூ01.டாட். உள்ளே இருப்பது எம்பெக்-1 என்ற முறையில் சுருக்கிய வீடியோ: 352×288 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள், 1,150 கிலோபிட்.

சுருக்காமல் வைத்தால் இதே படத்துக்கு நொடிக்கு 30 மெகாபிட் வேண்டும். அதனால் முழுப் படம் ஒன்றைப் பதிந்துவிட்டு, அடுத்த அரை நொடிக்கு மாறிய பகுதிகளை மட்டும் குறித்துக்கொள்கிறது எம்பெக். எல்லோரும் மணமேடையில் உட்கார்ந்திருக்கும் வரை படம் தெளிவாக இருக்கும். தாலி ஏறும் நொடியில் அட்சதை பறந்தால் ஒவ்வொரு அரிசியும் ஒரு மாற்றம். ஒதுக்கிய பிட் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். ஒகேனக்கல் சாரலிலும் இதேதான். அது பதியும்போதே போன விவரம், எந்த மென்பொருளாலும் மீளாது.

கீறல் வேறு கதை. சிடியில் தரவு செக்டார் என்னும் சிறு துண்டுகளாக இருக்கும். சாதாரண டேட்டா சிடியின் ஒவ்வொரு 2,352 பைட் செக்டாரிலும் 276 பைட் பிழை திருத்தத்துக்கே போகும். விசிடி அந்த இடத்தையும் வீடியோவுக்குக் கொடுத்து, 2,324 பைட் அடைக்கிறது. ஆகவே டேட்டா சிடி தாங்கும் கீறலை விசிடி தாங்காது. விண்டோஸில் நேரடியாக காப்பி செய்தால், முதல் கெட்ட செக்டாரிலேயே சைக்ளிக் ரிடண்டன்சி பிழை காட்டி நின்றுவிடும். முழு சிடியையும் ஒரே ஐசோ ஃபைலாக நகலெடுப்பதும் உதவாது, அதில் செக்டாருக்கு 2,048 பைட்தான் அடங்கும். ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளில் எம்பெக் பகுதியை மட்டும் பிரித்தெடுங்கள். கெட்ட செக்டாரைத் தாண்டச் சொல்லுங்கள். ஒரு செக்டார் போனால் அடுத்த முழுப் படம் வரும்வரை, கிட்டத்தட்ட அரை நொடி, படம் கலங்கும். அவ்வளவுதான். பிரித்தெடுப்பதற்குமுன் சிடியை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். பெயர் எழுதிய மேல்பக்கத்தில் கீறல் இருந்தால் பாலிஷ் போட்டும் பலனில்லை, தரவுப் படலம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

டாட் என்ற பெயரை எம்பிஜி என்று மாற்றினால் விஎல்சி பிளேயரில் ஓடும். ஆனால் செக்டாருக்கு 28 பைட் உறை (வீடியோ அல்லாத அடையாளத் தகவல்) அப்படியே ஒட்டியிருப்பதால் சில எடிட்டிங் மென்பொருள்கள் திறக்க மறுக்கும். ஐசோபஸ்டரில் உறை நீக்கி எடுத்த எம்பிஜிதான் மூலப் பிரதி, அதை அழிக்காமல் வையுங்கள். வாட்ஸாப்புக்கு எம்பி4 வேண்டுமென்றால், அதிலிருந்து ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருளில் எச்.264 சுருக்கம், தரம் 18 என வைத்து ஒரே ஒரு முறை மாற்றுங்கள். டீஇன்டர்லேஸ் (டிவி படத்தின் பிரிந்த வரிகளை இணைக்கும் வசதி) வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். விகிதம் 4:3 என்று இருக்கட்டும்; இல்லையென்றால் மணமக்கள் முகம் ஒல்லியாகத் தெரியும்.

கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். தவில் வித்வானின் கை இறங்கும்போதே சத்தமும் வர வேண்டும். பிந்தி வந்தால், மாற்றியதை விட்டுவிட்டு சிடியிலிருந்தே மறுபடி எடுங்கள்.