ஆணியே ஏறாமல் காற்று இறங்குவது எப்படி?

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் ஆனி மாதம் நிறுத்திய அப்பாவின் காரை, தீபாவளி நோம்பிக்கு நான் ஊருக்குப் போனபோதுதான் மறுபடி தொட்டோம். ரிமோட்டை அழுத்தினால் சத்தமே இல்லை, சாவியை விட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. பின்பக்க இடது டயர் ரிம் வரை உட்கார்ந்திருந்தது. "வண்டி ஓடவே இல்லியே கண்ணு, ஆணி எங்கிருந்து ஏறும்?" என்றார் அப்பா.

பஞ்சர் கடைக்காரர் வந்து காற்றடித்து, சோப்புத் தண்ணியை ஊற்றினார். வால்வின் அடியில், ரப்பர் வெடித்திருந்த இடத்தில், கடுகு கடுகாய் நுரை. "பஞ்சர் இல்லீங்க, வால்வு போயிருச்சு" என்றார். சரி, அது ஒரு டயரின் கதை. மற்ற மூன்றிலும் எந்த ஓட்டையும் இல்லை, ஆனால் 33 பிஎஸ்ஐ (காற்றின் அழுத்தத்தைச் சொல்லும் அளவு) இருக்க வேண்டிய காற்று 27, 26 என்று நின்றது.

அது எங்கே போனது? ரப்பர் வழியாகத்தான். ரப்பர் என்பது சிக்குண்ட நூல்கண்டு மாதிரி நீள நீள மூலக்கூறுகள், அவற்றின் இடுக்கில் காற்று மெதுவாக நுழைந்து வெளியே வந்துவிடும். இயற்கை ரப்பரில் இது ரொம்ப வேகம் என்பதால்தான் ட்யூப்லெஸ் டயரின் உட்புறத்தில் பியூட்டைல் வகை ரப்பரைப் பூசுகிறார்கள். அப்படியும் மாதம் 1 முதல் 2 பிஎஸ்ஐ வரை இறங்கும். ஆக்சிஜன் சீக்கிரம் கசியும், நைட்ரஜன் மெதுவாக. அதைச் சொல்லித்தான் காசு வாங்கிக்கொண்டு நைட்ரஜன் அடிக்கிறார்கள். சும்மா கிடைக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கும்போது அதற்குக் காசு கொடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

காற்று குறைந்த டயர் மேல் எடை நின்றுகொண்டே இருப்பதுதான் அடுத்த தொல்லை. ஏறக்குறைய ஒரு டன் வண்டி, தரையைத் தொடுவதோ நாலு உள்ளங்கை அளவு இடம். ஓடிச் சூடான டயர் அப்படியே நின்று ஆறும்போது, அதற்குள் இருக்கிற நைலான் இழைகள் தட்டையான வடிவத்திலேயே இறுகிக்கொள்ளும். அப்புறம் எடுத்து ஓட்டினால் 'தட் தட்' என்று ஸ்டியரிங் அதிரும். கொஞ்ச நாள் நின்றதென்றால் இருபது நிமிட ஓட்டத்தில் சூடேறிச் சரியாகிவிடும், மாதக்கணக்கில் காற்றில்லாமல் நின்றது பழைய கயித்துக் கட்டில் போலத் தொய்ந்தது தொய்ந்ததுதான். இன்னொன்றும் உண்டு: ரப்பர் வெடிக்காமலிருக்க அதில் ஒரு வகை மெழுகு கலந்திருக்கிறார்கள், டயர் சுழன்று நெளியும்போதுதான் அது நன்றாக மேலே கசிந்து வரும். நின்ற டயரின் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு விழுவதற்கு வெயிலோடு இதுவும் காரணம்.

பேட்டரிக்குச் சின்னக் கணக்குப் போதும். பூட்டி வைத்த வண்டியிலும் கடிகாரம், அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரி எழுபது நாளில் காலி. காலியாகக் கிடந்தால் உள்ளே ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. மைனஸ் ஒயரைக் கழற்றி வைத்திருந்தால் தப்பித்திருக்கும். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதில் பலனில்லை, செல்ஃப் எடுத்த கரண்ட்டே சரியாகத் திரும்பாது. அரைமணி நேரமாவது ஓட வேண்டும்.

ஹேண்ட்பிரேக் போட்டே விட்டால் துரு ஏறி ஒட்டிக்கொள்ளும், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். அப்பா அதையாவது செய்திருந்தார். இப்போது செவ்வாய்தோறும் சத்தியமங்கலம் வரை போய் டீ குடித்துவிட்டு வருகிறார், டயருக்காகவாம்.

எலியைச் சொல்ல மறந்துவிட்டேன். ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே ஒரு கை நிறைய நிலக்கடலைத் தோல்.