கோள்களுக்கென்றே ஒரு தொலைநோக்கி

நிலாவைப் பார்க்க ஒளி சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் 200 மி.மீ. தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்தால் கண் கூசும். வியாழனும் வெள்ளியும்கூடப் பிரகாசத்துக்குக் குறைவில்லாதவைதான். பெரிய ஆடி, நிறைய ஒளி என்ற கணக்கெல்லாம் மங்கலான அண்டங்களைத் தேடுபவர்களுக்கு. அப்படியிருந்தும், நிலாவையும் கோள்களையும் மனத்தில் வைத்தே செய்யப்படும் சில எதிரொளிப்புத் தொலைநோக்கிகள், அதே அளவுள்ள சாதாரணத் தொலைநோக்கியைவிடப் பல மடங்கு விலைக்குப் போகின்றன. கொடுத்த காசுக்குக் கிடைப்பது என்ன?

வியாழனையே எடுத்துக்கொள்வோம். பூமிக்கு மிக நெருங்கி வரும்போதும் அதன் வட்டு வானத்தில் 50 விகலைதான் இருக்கும். ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. அந்தச் சின்ன வட்டுக்குள் பழுப்புப் பட்டைகள், அவற்றின் ஓரத்தில் வெண்ணிற முட்டைப் புயல்கள், வட பட்டையிலிருந்து தொங்கும் நீலச் சாம்பல் இழைகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. இழைக்கும் அதன் பின்னணிக்கும் இடையே உள்ள ஒளி வேறுபாடு மிகக் குறைவு. பக்கத்தில் இருக்கும் வெளிச்சமான பகுதியின் ஒளி கொஞ்சம் வழிந்து இழையின் மேல் விழுந்தாலும் போதும், இழை காணாமல் போய்விடும். கோள்களுக்கான தொலைநோக்கியின் வடிவமைப்பு முழுவதும் இந்த வழிதலைத் தடுக்கும் முயற்சிதான்.

ஒளி வழிவதற்கு முதல் காரணம் இயற்கையே. ஒளி அலையாக வருவதால், எவ்வளவு நேர்த்தியான ஆடியும் ஒரு விண்மீனை ஒரே புள்ளியாகக் குவிக்க முடியாது. நடுவில் ஒரு சிறு வட்டு, அதைச் சுற்றி மங்கலான வளையங்கள் என்றுதான் பிம்பம் விழும். தடையில்லாத, குறையில்லாத ஆடி என்றால் சுமார் 84 சதவீத ஒளி நடு வட்டில் சேரும். மீதி வளையங்களுக்குப் போகும். எதிரொளிப்புத் தொலைநோக்கியிலோ, குவிந்த ஒளியை வெளியே திருப்ப ஆடியின் முன்னால் ஒரு துணை ஆடி நின்றாக வேண்டும். அதன் குறுக்களவு முதன்மை ஆடியில் 31 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பரப்பில் அது மறைப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த இழப்பு ஒரு பொருட்டல்ல. பாதகம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆடியின் நடுப்பகுதியிலிருந்து வரும் அலைகள்தான், வளையங்கள் விழும் இடங்களில் ஓரப்பகுதியின் அலைகளோடு மோதி அவற்றைப் பெருமளவு அழிக்கின்றன. நடுப்பகுதி மறைந்தால் அழிக்க ஆளில்லை, வளையங்கள் பிரகாசமாகிவிடும். நடு வட்டில் சேரும் ஒளி, மொத்த ஒளியில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது. அதாவது வழியும் ஒளி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நிலாவின் கூர்மையான நிழல்களில் இது அவ்வளவாகத் தெரியாது. வியாழனின் இழைகளும் செவ்வாயின் மங்கிய திட்டுகளும்தான் முதலில் அடிபடும்.

இரண்டாவது காரணம் ஆடியின் வடிவம். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். வந்து சேரும் அலையில் அதில் கால் பங்குக்கு மேல் பிசகு இருக்கக் கூடாது என்பது ஆங்கில இயற்பியலர் ராலே பிரபு வகுத்த பழைய அளவுகோல். எதிரொளிப்பில் பிசகு இரட்டிப்பாவதால் ஆடியின் பரப்பில் அனுமதி அதில் பாதிதான், அதாவது 70 நானோமீட்டருக்குள். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல கோள் தொலைநோக்கிகளைச் செய்பவர்கள் இதோடு நிறுத்துவதில்லை. இன்னும் சில மடங்கு துல்லியத்துக்குத் தேய்க்கிறார்கள். பரப்பு வழவழப்பாக இருப்பதும், விளிம்பு கீழ்நோக்கிச் சரியாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம். இவ்வளவையும் கண்டுபிடிக்க ஒரு சவரக் கத்தி முனையும் சிறு விளக்கும் போதும் என்று 1858-இல் காட்டியவர் பிரான்சின் லியோன் ஃபூக்கோ. ஒளி குவியும் இடத்தில் கத்தி முனையை மெல்ல நகர்த்தினால், ஆடியின் மேடு பள்ளங்கள் நிழலாகக் கண்ணுக்குத் தெரியும். இன்றும் வீட்டில் ஆடி தேய்ப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

துல்லியம் என்பது விலை என்பதால் வடிவமைப்பிலேயே ஒரு சாமர்த்தியம் தேவைப்பட்டது. துணை ஆடி ஒளியைத் திருப்பி முதன்மை ஆடியின் நடுத் துளை வழியே பின்னுக்கு அனுப்பும் வகைக்குக் காசெகிரெய்ன் என்று பெயர். வழக்கமான காசெகிரெய்ன் தொலைநோக்கியில் முதன்மை ஆடி பரவளைய வடிவம், துணை ஆடி வெளிப்புறம் குவிந்த அதிபரவளைய வடிவம். குவியாடி தானாக ஒளியைக் குவிப்பதில்லை. எனவே அதை ஃபூக்கோ முறையில் நேரடியாகச் சோதிக்க வழியில்லை. சோதிக்க முடியாததைத் துல்லியமாகச் செய்வது எப்படி? இங்கிலாந்தின் லூட்டன் நகரைச் சேர்ந்த ஹோரஸ் டால் 1928-இல் கணக்கை மாற்றிப் போட்டார். துணை ஆடியை வெறும் கோளப் பரப்பாக வைத்துக்கொண்டு, அதற்கு ஈடுசெய்யும் வகையில் முதன்மை ஆடியை நீள்வட்ட வடிவில் தேய்த்தார். குவிந்த கோளப் பரப்பைச் சோதிப்பது எளிது. அதே வளைவுள்ள குழிந்த கண்ணாடியின் மேல் வைத்தால் இரண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் தோன்றும் ஒளி வளையங்களே (நியூட்டன் வளையங்கள்) பிசகைச் சொல்லிவிடும். அமெரிக்கரான ஆலன் கிர்க்கமும் இதே வடிவமைப்பில் ஈடுபட்டிருந்தார். 1930-இல் ஓர் அமெரிக்க அறிவியல் இதழில் வெளியான கட்டுரைக்குப் பிறகு இது டால்-கிர்க்கம் என்று வழங்கலாயிற்று.

ஜப்பானின் தகாஹாஷி நிறுவனம் செய்யும் மியூலான் 210 இந்த வகைதான். 210 மி.மீ. ஆடி, 2415 மி.மீ. குவியத் தூரம், இருந்தும் குழாயின் நீளம் ஒரு மீட்டருக்குள். 10 மி.மீ. குவியத் தூரமுள்ள கண்ணருகு வில்லையைப் போட்டாலே உருப்பெருக்கம் 240 மடங்கைத் தாண்டிவிடும். இந்த வடிவமைப்பு கேட்கும் விலையும் ஒன்று உண்டு. காட்சியின் மையத்தை விட்டு விலகினால் விண்மீன்கள் வால் முளைத்தது போல இழுபடும். விண்மீன் கூட்டங்களைப் படமெடுப்பவர்களுக்கு இது ஆகாது. வியாழனின் வட்டோ ஒரு கலை (60 விகலை) அளவைக்கூட எட்டுவதில்லை, மையத்திலேயே அடங்கிவிடும். பார்க்கும் பொருளுக்கு ஏற்ற சமரசம் என்று இதைத்தான் நான் மனமாரப் பாராட்டுவேன்.

இவ்வளவு செய்தும், பல இரவுகளில் எல்லாவற்றையும் கெடுப்பது வெப்பம். காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை அது எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு குறையும். கேட்க அற்பமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்துவந்த ஆடி வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்கிறது. அதன் முன்னால் 10 செ.மீ. தடிமனுக்கு ஒரு டிகிரி கூடுதலான காற்று புரள்கிறது. ஒளி ஒருமுறை கடந்தால் 100 நானோமீட்டர் பிசகு. ஆடியில் பட்டுத் திரும்பவும் கடப்பதால் 200. தேய்ப்பவர் மாதக்கணக்கில் பாடுபட்டு ஆடியின் பரப்பில் 70-க்குள், அதாவது அலையில் 140-க்குள் அடக்கிய பிசகை, ஒரு டிகிரி வெப்பம் ஒரே நொடியில் தாண்டிவிடுகிறது. அந்தக் காற்று சீராக நின்றாலாவது பரவாயில்லை. வெயில் நேரத்துத் தார்ச்சாலைக்கு மேலே தெரியும் காட்சி போல நெளிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் தடித்த கண்ணாடி உள்ள தொலைநோக்கிகளில் ஆடிக்குப் பின்னால் சிறு மின்விசிறி வைக்கிறார்கள். குழாயின் முன்பக்கம் கண்ணாடித் தகடு இல்லாமல் திறந்திருப்பதும் ஆடி சீக்கிரம் ஆற உதவும். நம் ஊரில் இன்னொரு தொல்லை மொட்டை மாடி. பகல் முழுக்க வெயில் குடித்த சிமெண்ட் தளம் நள்ளிரவுவரை அனலைக் கக்கும். மண் தரையோ புல் தரையோ கிடைத்தால் அங்கே போய்விடுவது நல்லது.

ஆனால் வேறொரு விதத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். 2019, 2020 ஆண்டுகளில் வியாழன் வானத்தின் தென்பகுதியில் இருந்தபோது, லண்டனில் அது அடிவானத்துக்கு மேல் சுமார் 16 பாகைதான் ஏறியது. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய 58 பாகை. தாழ்ந்த கோளின் ஒளி பன்மடங்கு தடித்த காற்றைக் கடக்க வேண்டும். போதாததற்கு வளிமண்டலமே முப்பட்டகமாகிக் கோளின் ஒரு விளிம்பைச் சிவப்பாகவும் மறு விளிம்பை நீலமாகவும் பிரித்துவிடும். நமக்கு அந்தத் தலைவலி குறைவு.

ஆடி ஆறிவிட்டதா, ஆடிகள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதை ஒரு விண்மீனே சொல்லிவிடும். உச்சி வானில் பிரகாசமான விண்மீனைப் பிடித்து, மையத்துக்குக் கொண்டுவந்து, குவியத்தைச் சற்றே கலையுங்கள். புள்ளி விரிந்து வளையம் வளையமாகத் தெரியும். நடுவில் துணை ஆடியின் இருண்ட நிழல். நிழல் நட்டநடுவில் இருந்தால் சரி. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் துணை ஆடியின் திருகுகளைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். வளையங்களில் ஒரு இடத்தில் மட்டும் வெளிச்சம் கசிந்து மேல்நோக்கி அசைந்தால், அது குழாய்க்குள் எழும் சூடான காற்று. இன்னும் சிறிது நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

எல்லாம் கூடிவந்த இரவில் நிலாவில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. வளர்பிறை நவமி வாக்கில், நிலாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரை வெட்டிக்கொண்டு ஓடும் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கைப் பிடியுங்கள். அதன் தரையின் நடுவே நீளவாட்டில் ஒரு மெல்லிய ஓடை போன்ற பிளவு போகிறது. அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. நிலாவில் ஒரு விகலை என்பது ஏறத்தாழ 1.9 கி.மீ. 210 மி.மீ. ஆடியின் பிரித்தறியும் எல்லை 0.55 விகலை, அதாவது ஒரு கிலோமீட்டர். கணக்குப்படி தெரியக் கூடாது. ஆனால் அந்த எல்லை இரு புள்ளிகளைப் பிரித்தறிவதற்கானது; நீண்ட கோடு என்றால் அதைவிட மெல்லியதும் கண்ணுக்குத் தட்டுப்படும், ஒளி வேறுபாடு கெடாமல் இருந்தால். காற்று அடங்கும் நொடிகளில் பிளவு தெரியும், மறையும், மறுபடி தெரியும்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. இடமிருந்தால், 200 மி.மீ. ஆடியும் 1600 மி.மீ. குவியத் தூரமும் உள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கி, அதாவது துணை ஆடி ஒளியைக் குழாயின் பக்கவாட்டில் திருப்பும் வகை. அவ்வளவு நீண்ட குவியத் தூரத்தில் துணை ஆடி 40 மி.மீ. இருந்தாலே போதும், நடு வட்டில் 76 சதவீத ஒளி சேர்ந்துவிடும். 2009 ஜூலை 19 அன்று வியாழனின் தென் துருவத்தருகே ஏதோ மோதிய கரும் வடுவை முதலில் கண்டவர் ஆஸ்திரேலியாவின் ஆந்தனி வெஸ்லி. அவர் கையிலிருந்தது 14.5 அங்குல ஆடி கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கிதான். ஆனால் ஆள் உயரத்துக்கு நிற்கும் குழாயை மூன்று மாடி ஏற்றி இறக்க வேண்டியிருந்தால், டால்-கிர்க்கமுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறே இல்லை. எதை வாங்கினாலும், பார்க்கத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள்.