மிதக்கும் சந்தைக்குக் கிளம்பும் முன் பிள்ளையின் எடையைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே என் கிளினிக்கில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். "டாக்டர், தாய்லாந்து போறோம், பிள்ளைக்கு ஏதாவது ஊசி போடணுமா?" நல்ல கேள்விதான். டைபாய்டு பற்றிப் பேசுவோம், கொசுக்கடி பற்றிப் பேசுவோம். ஆனால் குழந்தை மருத்துவராக இத்தனை வருடத்தில், "அங்கே படகில் ஏறுவோம், லைஃப் ஜாக்கெட் எப்படிப் பார்த்துப் போடுவது" என்று கேட்ட பெற்றோர் ஒருவர்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள், அவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை. நான் தூக்கம் கெட்டு யோசிப்பது இதைத்தான்.

எங்கள் குடும்பமும் போய் வந்தது. அப்பாவின் வெகுநாள் ஆசை அது. என் தாத்தாவும் அவருடைய அண்ணனும் மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து 1943-இல், இரண்டாம் உலகப் போரின்போது, சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) ரயில் பாதை போட ஜப்பானியர்கள் கொண்டுபோனவர்களில் இரண்டு பேர். தாத்தா திரும்பினார், அண்ணன் திரும்பவில்லை. பர்மா வரை 415 கிலோமீட்டர் போன அந்தப் பாதை தொடங்கிய பான் போங், ராட்சபுரி மாநிலத்தில் இருக்கிறது. டம்னோன் சாடுவாக் மிதக்கும் சந்தையும் அதே மாநிலம்தான். அதனால் முதல் நாள் காலை சந்தை, அடுத்த நாள் அந்தப் பாதை போடும்போது செத்த போர்க்கைதிகளின் மயானம் இருக்கும் காஞ்சனபுரி என்று வைத்துக்கொண்டோம். ஆறு வயது மகளுக்கு நேராக மயானத்தைக் காட்டுவதை விட இது நல்லது என்று பட்டது.

சந்தை உண்மையிலேயே அழகு. மேக்லோங் ஆற்றையும் தாசீன் ஆற்றையும் இணைக்க 1860-களில் வெட்டிய கால்வாய், சுமார் 32 கிலோமீட்டர் நீளம், அதன் கிளை வாய்க்கால்களில் ஓலைத் தொப்பி போட்ட பெண்கள் படகிலேயே அடுப்பு வைத்து வியாபாரம் செய்கிறார்கள். நம் குழிப்பணியாரக் கல் மாதிரியே ஒரு கல்லில் தேங்காய்ப்பால் மாவை ஊற்றிச் சுட்டுக் கொடுக்கிறார்கள். என் மகள் "அம்மா, பாட்டி பணியாரம்!" என்று கத்தினாள்.

இப்போது ஜாக்கெட். நாங்கள் ஏறிய படகுத்துறையில் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுகள் குவியலாகக் கிடந்தன, எல்லாம் பெரியவர்கள் அளவு. அதில் ஒன்றை எடுத்து என் மகளுக்கு மாட்டி, வாரை இறுக்கிவிட்டு, "ஓகே, ஓகே" என்றார் அங்கிருந்தவர். பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. நான் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கினேன். ஜாக்கெட் மட்டும் மேலே வந்தது, அவள் மூக்குவரை ஏறி வாயை மறைத்துவிட்டது, பிள்ளை அங்கேயே நிற்கிறாள். தண்ணீரில் நடப்பதும் இதேதான்: ஜாக்கெட் மிதக்கும், குழந்தை அதன் அடியில் நழுவிப் போகும். தூக்கும்போது தாடையும் காதும் ஜாக்கெட்டுக்குள் போகிறதென்றால் அது அந்தக் குழந்தைக்கு ஆனது இல்லை, கொக்கி எவ்வளவு இறுக்கினாலும் சரி.

அதனால்தான் நான் வீட்டிலிருந்தே கொண்டு போயிருந்தேன். வாங்கும்போது வயதைச் சொல்லாதீர்கள், எடையைச் சொல்லுங்கள். உள்பக்கத் துணியில் எத்தனை கிலோவுக்கு என்று போட்டிருக்கும். என் மகள் 19 கிலோ, அதற்கேற்றதை எடுத்தோம். சின்னப் பிள்ளைகளுக்குக் கால்களுக்கு நடுவே வந்து மாட்டும் ஒரு வார் இருக்க வேண்டும், மேலே நழுவாமல் பிடிப்பது அதுதான். கையில் மாட்டும் காற்றுப் பைகளும் ரப்பர் வளையமும் விளையாட்டுச் சாமான்கள், அவற்றை நம்பிப் படகில் ஏற்றாதீர்கள்.

"மடியில வெச்சுக்கிட்டா போதாதா டாக்டர்?" என்பார்கள். போதாது. படகு கவிழ்ந்தால் நீங்களும் தண்ணீரில்தான் இருப்பீர்கள். "கால்வாய்தானே, ஆழமிருக்காது" என்பதும் அப்படித்தான், சின்னக் குழந்தை மூழ்க வாளித் தண்ணீர் போதும். மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது, மூச்சுக்கே திணறும்போது குரல் எங்கிருந்து வரும்? நீங்கள் போனில் படம் எடுத்து முடிப்பதற்குள் சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

அப்புறம் விரல்கள். காலை நேரத்தில் வாய்க்கால் முழுக்கப் படகுகள் நெருக்கியடித்து ஒன்றோடொன்று இடிக்கும். குழந்தைகள் இயல்பாகவே படகின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு முன்னால் போன படகில் ஒரு பையன் கையை எடுத்த அடுத்த நொடி பக்கத்துப் படகு வந்து மோதியது, மரத்தோடு மரம் உரசிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கை மடியில் இருக்க வேண்டும் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். வண்டி இன்ஜினைப் பின்னால் பொருத்திய நீளவால் படகில் காது அடைக்கும் சத்தம் வரும், முடிந்தால் துடுப்புப் போடும் படகு கேளுங்கள். பக்கத்துப் படகில் கொதிக்கும் குழம்பு இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். பாம்பு, குரங்கு வைத்துப் படமெடுக்கக் கூப்பிட்டால் வேண்டாம் என்று நகர்ந்துவிடுங்கள். குரங்கோ நாயோ கடித்தாலும் பிராண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ரேபிஸ் ஊசியை ஊருக்கு வந்து போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

சாப்பாடு விஷயத்தில் நான் ரொம்பக் கெடுபிடி இல்லை. கண் முன்னால் சுடச்சுட வெந்தது சாப்பிடலாம், வெட்டி வைத்த பழமும் கால்வாய்த் தண்ணீரில் அலசிய தட்டும் வேண்டாம். பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கட்டாயம், பேதியானால் தண்ணீரில் கலந்து கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி அது. 1943 மழைக்காலத்தில் அந்த ரயில் பாதை முகாம்களில் காலரா பரவித் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள், தாத்தாவின் அண்ணனும் பேதியில்தான் போனார் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே காலரா சாவைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். இன்று அது ஒரு சின்னப் பொட்டலம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கலக்க வேண்டும், பாதி பாதியாக இல்லை.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனசு வராது. மீன் தொட்டியில் விழுந்த இரண்டரை வயதுக் குழந்தையை ஒருமுறை என்னிடம் கொண்டுவந்தார்கள். தூக்கியவுடன் சொந்தக்காரர் ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறார், இன்னொருவர் வயிற்றை அமுக்கியிருக்கிறார். பாசத்தில் செய்ததுதான், ஆனால் அந்த நிமிடங்களில் குழந்தைக்கு மூச்சு கிடைக்கவில்லை. தலைகீழாகப் பிடிக்காதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சில்லையென்றால் சமமான இடத்தில் படுக்க வைத்து, தலையை லேசாகச் சாய்த்து, முதலில் 5 முறை வாயால் மூச்சு கொடுங்கள். அசைவில்லையென்றால் நெஞ்சை 30 முறை அழுத்தி 2 மூச்சு, உதவி வரும்வரை இதையே தொடருங்கள். தாய்லாந்தில் ஆம்புலன்ஸுக்கு 1669. குழந்தை கண் விழித்து அழுதாலும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம்.

மறுநாள் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறை வரிசைகளைப் பார்த்தோம். கல்லில் பேர் இருந்தது, தோட்டங்களிலிருந்து போன நம் தொழிலாளிகள் பேர் ஒன்றும் அங்கே இல்லை. அப்பா வெகுநேரம் பேசவே இல்லை. சாயங்காலம் குவாய் ஆற்றில் படகு ஏறும்போது என் மகள் அவர் முன்னால் போய் நின்று, எட்டி அவருடைய ஜாக்கெட் தோளை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "தாத்தா, உங்களுக்கு லூசா இருக்கு" என்றாள். இருந்தது. இறுக்கிக் கட்டிவிட்டு ஏறினோம்.