மூன்று கோடுகளுக்கு இடையில் இருப்பதும் தரவுதான்

நான் பராமரித்துவந்த ஒரு தளத்தில், எழுதி முடித்து ஒப்புதலும் பெற்ற கட்டுரை ஒன்று பல நாட்களாக வெளிவராமலே கிடந்தது. கோப்புகளைத் தளமாக மாற்றும் பில்ட் ஒரு பிழையையும் காட்டவில்லை. கோப்பு உரிய அடைவில்தான் இருந்தது. வெளியீட்டுத் தேதியும் கடந்துவிட்டது. கோப்பின் தலைப்பகுதியை வரிவரியாகப் படித்த பிறகுதான் காரணம் புலப்பட்டது. கட்டுரை வரைவா என்று குறிக்கும் 'டிராஃப்ட்' என்ற புலத்துக்கு எதிரே இருந்த 'ஃபால்ஸ்' (இல்லை) என்ற சொல்லை யாரோ மேற்கோள் குறிக்குள் இட்டிருந்தார்கள். மேற்கோள் குறி விழுந்ததும் அது 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் பூலியன் மதிப்பாக இல்லாமல் வெறும் எழுத்துச் சரமாகிவிடுகிறது. வெறுமையாக இல்லாத எந்தச் சரத்தையும் ஜாவாஸ்கிரிப்ட் நிபந்தனைச் சோதனையில் 'ஆம்' என்றே கொள்ளும். ஆகவே, 'இது வரைவு அன்று' என்று எழுதியவர் சொன்னதை, 'இது வரைவுதான்' என்று நிரல் எடுத்துக்கொண்டது.

எளிய குறிகளால் கட்டுரையை வடிவமைக்கும் முறையாக 2004இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுனில், கட்டுரையைப் பற்றிய விவரங்களான மீத்தரவுக்கென்று தனி இடம் கிடையாது. 2008இல் வந்த தளம் உருவாக்கும் கருவியான ஜெக்கில்தான், கோப்பின் உச்சியில் மூன்று சிறு கோடுகள் (---) கொண்ட இரண்டு வரிகளுக்கு இடையே, யாமல் என்ற எளிய தரவு வடிவில் தலைப்பு, தேதி முதலியவற்றை எழுதும் ஃபிரன்ட் மேட்டர் முறையைப் பரவலாக்கியது. ஹியூகோ, ஆஸ்ட்ரோ, நக்ஸ்ட் கன்டென்ட் ஆகிய பிற கருவிகளும் அந்த வழியிலேயே செல்கின்றன. பார்வைக்கு அது சாதாரண எழுத்தாகவே தெரிவதால், எழுதுபவர்கள் கட்டுரையின் உடலைப் போலவே அதையும் கையாளுகிறார்கள். ஆனால் அதைப் படித்துப் பிரிக்கும் நிரலான பார்சர் ஒவ்வொரு மதிப்பும் எண்ணா, தேதியா, சரமா என்று தானாகவே முடிவு செய்துவிடுகிறது.

அந்த முடிவு பல வேளைகளில் நாம் எண்ணியதாக இருப்பதில்லை. மென்பொருள் பதிப்பு என்று 1.10 எழுதினால், அது பின்ன எண்ணாகி 1.1 என்று திரும்பி வரும். நார்வேயின் ஈரெழுத்து நாட்டுக் குறியீடான 'என்ஓ'வை (NO) ஆங்கிலத்தில் மேற்கோள் குறியின்றி எழுதினால், யாமல் 1.1 விதிப்படி அது 'இல்லை' என்ற பூலியனாகிவிடும். 2009இல் வந்த யாமல் 1.2 இதைத் திருத்தியது என்றாலும், பைதான் நிரல்மொழியில் யாமலைப் படிக்கப் பரவலாகப் பயன்படும் பையாமல் நூலகம் இன்னும் பழைய விதியையே பின்பற்றுகிறது. எனவே ஒரே கோப்பை இரண்டு கருவிகள் இரண்டு விதமாகப் படிக்கக்கூடும். தலைப்பில் முக்காற்புள்ளியும் அதை அடுத்து இடைவெளியும் வந்தால் மட்டும் பெரும்பாலும் பில்ட் உடனே நின்றுவிடும். எனக்கு அந்தப் பிழை கவலை தருவதில்லை, ஏனெனில் அது தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது.

தேதியில் நேரும் பிழையோ அப்படித் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. நேரமும் மண்டலமும் இல்லாமல் எழுதப்பட்ட தேதியை ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள் வழக்கமாக யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாகக் கொள்கின்றன; அதை யுடிசிக்கு மேற்கே உள்ள ஒரு கணினி உள்ளூர் நேரத்தில் காட்டும்போது, கட்டுரை முந்தைய நாள் வெளியானதாகத் தெரியும். காட்டும்போதும் யுடிசியையே பயன்படுத்துவது எளிய தீர்வு.

தமிழில் குறிச்சொற்கள் இடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'தொழில்' என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்; கணினிக்கு அவை வெவ்வேறு சரங்கள். விளைவாக, ஒரே பெயரில் இரண்டு குறிச்சொல் பக்கங்கள் உருவாகி, கட்டுரைகள் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். கோப்பை வாசிக்கும் இடத்திலேயே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற யுனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் 'மௌனம்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் 'ள' என்ற எழுத்தும் இட்டிருந்தால் என்எஃப்சி அதைச் சரிசெய்யாது. அதற்கு, அனுமதிக்கப்பட்ட குறிச்சொற்களின் பட்டியல் ஒன்று வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதுபவரின் கவனத்துக்கு விட்டுவிடுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு புலமும் என்ன வகை, எது கட்டாயம், எது விருப்பம் என்பதை ஸ்கீமாவாக, அதாவது விதித்தொகுப்பாக எழுதி, மீறினால் பில்டையே நிறுத்த வேண்டும். ஆஸ்ட்ரோ 2023இல் தன் 2.0 பதிப்பில் கொண்டுவந்த கன்டென்ட் கலெக்ஷன்ஸ் வசதி, தரவு வகைகளைச் சரிபார்க்கும் ஸாட் நூலகத்தின் துணையோடு இதைத்தான் செய்கிறது. மற்ற கட்டமைப்புகளிலும் ஒரு சிறு சரிபார்ப்பு நிரலை பில்டுக்கு முன் ஓடவிடலாம். பிழைச்செய்தியில் கோப்பின் பெயரும் புலத்தின் பெயரும் எழுதுபவருக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். வகை பொருந்தவில்லை என்றால் நிரலே மாற்றிக்கொள்ளட்டும் என்று தளர்வாக விடுவதை நான் ஏற்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான மாற்றத்தில், மேற்கோளுக்குள் இருக்கும் 'ஃபால்ஸ்' மீண்டும் 'ஆம்' என்றே ஆகும்.

மேற்சொன்ன தளத்தில் ஸ்கீமாவைச் சேர்த்ததும் முதல் பில்டே நின்றது. அது சுட்டிய கோப்புகளுள் ஒன்றில், அதே மேற்கோள் குறியோடு, வெளிவராத வேறொரு கட்டுரையும் காத்துக்கொண்டிருந்தது.