தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை நிறுப்பவர், முதலில் காலித்தட்டை மின்தராசில் வைத்து 0 வரச் செய்துவிட்டுத்தான் பூவை அள்ளிப் போடுவார். சி.டி. ஸ்கேன் கருவிக்கும் இந்த 0 வேண்டும்.

பெரியம்மா மாடிப்படியில் விழுந்து ஒரு மாதம் ஆகியும் தலைவலி விடவில்லை. மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அதிகாலையிலேயே கூட்டிப்போனோம். “ஒரு பத்து நிமிஷம் இருங்கம்மா, தண்ணிய வச்சுப் பாத்துட்டு உங்கள ஏத்துறேன்” என்றார் டெக்னீஷியன்.

முதலில் கருவிக்குள் ஒன்றுமே வைக்காமல், வெறும் காற்றில் எக்ஸ்ரே பாய்ச்சினார். கதிரை வாங்கும் உணரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. காற்றில் அவற்றைச் சமன்செய்யாவிட்டால் படத்தில் வளையம் வளையமாகக் கோடு விழும்.

அப்புறம் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளை. அதன் படத்தில் நடுவில் ஒரு வட்டம், ஓரங்களில் நான்கு வட்டம் போட்டுச் சராசரி பார்த்தார். நடுவில் 0 வரவேண்டும். 4 கூடினாலும் குறைந்தாலும் பொதுவாக ஏற்பார்கள். ஓரமும் நடுவும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் சிரமம். எக்ஸ்ரே உள்ளே போகப்போக அதன் வலுக்குறைந்த கதிர்கள் முதலில் உறிஞ்சப்பட்டுவிடும். அதைக் கணக்கில் திருத்தாவிட்டால் நடுப்பகுதி தண்ணீரைவிட லேசானதாகத் தெரியும்.

இந்த அளவுகோலுக்கு ஆங்கிலேயப் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர். அவர் உருவாக்கிய கருவியில்தான் 1971இல் முதல் நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது. ஒரு திசு எக்ஸ்ரேயைத் தண்ணீரைவிட எவ்வளவு கூடுதலாகவோ குறைவாகவோ தடுக்கிறது என்பதை, தண்ணீர் தடுப்பதை ஆயிரம் பங்காக வைத்து அதில் எத்தனை பங்கு என்று சொல்வது இந்த எண். கொழுப்பு சுமார் மைனஸ் 100, மூளை 30 சொச்சம், புதிதாக உறைந்த ரத்தம் 60க்கு மேல். ரத்தம் பழசாகப் பழசாக எண் இறங்கும்.

பெரியம்மாவின் மண்டையோட்டுக்கு உள்பக்கம் பிறைபோல் தெரிந்த இடத்தில் டாக்டர் வட்டம் போட்டார். 18. “பழைய ரத்தம்” என்றார். பக்கத்து மூளையோடு ஒப்பிட்டும் அதைச் சொல்லிவிடலாம், சரி. ஆனால் சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பியில் கட்டி இருந்தால், மருந்து ஏற்றாத படத்தில் எண் 10க்குள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பெரும்பாலும் ஆபத்தில்லாதது என்கிறார்கள். அங்கே எண் 8 கூடினாலோ குறைந்தாலோ முடிவே மாறலாம்.

தண்ணீர் சரியாக வந்தாலும் எலும்பு அப்படியே நிற்காது. எக்ஸ்ரே குழாய்க்கு 120 கிலோவோல்ட் மின்னழுத்தம் கொடுத்து எடுத்த எலும்பை 80இல் எடுத்தால் எண் கூடும். அதனால்தான் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கணக்கிடுபவர்கள், எலும்பு, நுரையீரல் போன்ற அடர்த்தியுள்ள துண்டுகள் செருகிய உருளையை வைத்து, ஒவ்வொரு கிலோவோல்ட்டுக்கும் தனித்தனி அட்டவணை போட்டுக்கொள்கிறார்கள்.