ரேக்கிடோமஸ்: வெட்டாமலே துண்டான முள்ளெலும்பு

தொல்லுயிரியல் நூல்களில் ஆதி இருவாழ்விகளைப் பற்றிப் படிக்கும்போது இடறுகிற சொல் இது. கிரேக்கத்தில் 'ராக்கிஸ்' என்றால் முதுகுத்தண்டு. முருங்கை ஈர்க்கைத் தாவரவியலார் அழைப்பதும் இதே பெயரால்தான். 'டோமோஸ்' என்றால் வெட்டு. வெட்ட முடியாதது என்ற பொருளில் பிறந்த 'ஆட்டம்', அதாவது அணு, இதன் உறவுக்காரச் சொல்.

ஒரே கட்டியாக இல்லாமல் பல துண்டுகளாக நிற்கும் முள்ளெலும்பைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. அதைப் பார்க்க எரியாப்ஸ் என்ற ஆதி இருவாழ்வி நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் செம்பாறைகளில் கிடைத்து, 1877இல் தொல்லுயிரியலாளர் எட்வர்டு டிரிங்கர் கோப் பெயரிட்ட விலங்கு. ஏறத்தாழ 2 மீட்டர் நீளம், முதலையை நினைவூட்டும் பெருந்தலை. நம் முள்ளெலும்பின் உடல் ஒரே கட்டி. எரியாப்ஸுக்கு அப்படி இல்லை. முன்பக்கம் அடியில் பூசணிக் கீற்றுப் போல வளைந்த பெரிய துண்டு, இன்டர்சென்ட்ரம். அதன் பின்னே சற்று மேலே, இடமும் வலமுமாக இரண்டு சிறு துண்டுகள், பிளியூரோசென்ட்ரம். இவை நடுவில் ஓடும் வளையக்கூடிய தண்டான முதுகுநாணை அணைத்துக்கொள்ள, மேலே நரம்பு வளைவு கூரையாக உட்காரும்.

இதைத் தமிழில் 'வெட்டு முள்ளெலும்பு' என்றால் எனக்கு ஒப்பவில்லை. ஏதோ கத்தி பட்டது போல இருக்கிறது. யாரும் வெட்டவில்லை, தனித்தனியாக எலும்பாகிய துண்டுகள் ஒட்டாமலே நின்றுவிட்டன. 'பல்கூறு முள்ளெலும்பு' என்பேன். கூறு என்றால் பகுதி. கூறு போடுவதும் உண்டு, ஆகவே கிரேக்க வெட்டும் உள்ளே இருக்கிறது. இன்டர்சென்ட்ரத்துக்கு இடையுடலம், பிளியூரோசென்ட்ரத்துக்குப் பக்கவுடலம் போதும்.

எரியாப்ஸ் சேர்ந்த குழுவின் பெயரான டெம்னோஸ்பாண்டில் என்பதிலும் வெட்டுத்தான்: 'டெம்னைன்' வெட்டுதல், 'ஸ்பாண்டிலோஸ்' முள்ளெலும்பு. கழுத்துவலிக்காரர்கள் மருத்துவச் சீட்டில் பார்க்கும் 'ஸ்பாண்டிலைட்டிஸ்' இந்த ஸ்பாண்டிலோஸிலிருந்து வந்ததே.

இந்தக் குழுவில் பின்வந்த கிளையான ஸ்டீரியோஸ்பாண்டில்களில் இடையுடலம் பெருத்தது, பக்கவுடலம் சுருங்கியது. தெலங்கானாவின் மாலேரிப் படிவுகளில் கிடைத்த பாந்தசாரஸ் அந்த வகை. ஊர்வன, பாலூட்டிகளின் வழியில் நடந்தது நேர்மாறு: பக்கவுடலமே முள்ளெலும்பின் உடலாயிற்று. இடையுடலம் அடியோடு போய்விடவும் இல்லை. நம் கழுத்தின் முதல் எலும்பான அட்லஸின் முன்வளைவு அதன் மிச்சம். அந்த அட்லஸுக்கு உரிய பக்கவுடலமோ இடம்பெயர்ந்து, இரண்டாம் எலும்போடு ஒட்டி, பல்போல மேல்நோக்கி நிற்கிறது. 'இல்லை' என்று நாம் தலையாட்டும்போது அட்லஸ் சுழல்வது அந்தப் பல்லைச் சுற்றித்தான்.